கல்லெறிந்தவர் வெளியாள் இல்லை

போன மாதப் பதிலில் போகிற போக்கில் ஒரு கேள்வியைப் போட்டிருந்தேன்: 'மறியலில் ஒரு கல் விழுந்தால் அது யாருடைய கல்?' இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். தேவகோட்டை வீட்டு முகப்பில் பாயை விரித்துப் போட்டு எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பிள்ளைகள் படிப்பு, பாகப் பிரிவினை பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை இது ஒன்றுதான்.

அன்புள்ள ஆச்சி, காரைக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பக்கத்து டவுன் குப்பையை எங்கள் கண்மாய்க்குள் கொட்டுகிறார்கள். கரையில் பந்தல் போட்டு 40 நாள் உட்கார்ந்தோம், பெரும்பாலும் பெண்கள். ஓர் அதிகாரிகூட எட்டிப் பார்க்கவில்லை. 41-ம் நாள் ராத்திரி நாலு பையன்கள் குப்பை லாரி ஒன்றைக் கொளுத்திவிட்டார்கள். மறுநாளே அதிகாரி வந்தார், பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். 23 பேர் மேல் வழக்கு. அன்றைக்கு ஊரிலேயே இல்லாத என் வீட்டுக்காரர் பெயரும் இருக்கிறது. 'நாலு பேர் பெயரைக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்குவோம்' என்கிறார்கள் பெரியவர்கள். 'நீங்கள் 40 நாள் உட்கார்ந்து ஆகாதது எங்களால் ஒரே ராத்திரியில் ஆனது' என்கிறார்கள் பையன்கள். நான் யார் பக்கம் நிற்பது? (பெயர் வேண்டாம்)

தங்கச்சி, பையன்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். 40 நாள் வராத ஜீப் 42-ம் நாள் வந்தது. இதை மறுத்துப் பேசினால் அவர்கள் உங்கள் பேச்சை அதோடு விட்டுவிடுவார்கள்.

இது உங்கள் கண்மாய்க் கரையில் மட்டும் நடந்த கதையும் இல்லை. இங்கிலாந்தில் பெண்கள் வாக்குரிமை கேட்டு 1866-லிருந்து மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருஷம் போயும் ஒன்றும் நடக்கவில்லை. 1903-ல் எம்மலின் பாங்கர்ஸ்ட் தனிச் சங்கம் தொடங்கினார். 1912-ல் அவருடைய ஆட்கள் லண்டன் கடைவீதியில் சுத்தியலால் கண்ணாடிகளை உடைத்தார்கள். 1913-ல் அமைச்சர் லாயிட் ஜார்ஜுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் குண்டு வைத்தார்கள். மனு கொடுக்கும் வழியிலேயே நின்ற மில்லிசென்ட் ஃபாசெட், இது நம் காரியத்தையே கெடுக்கும் என்றார். 1914-ல் போர் வந்ததும் பாங்கர்ஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்தினார். 1918-ல் 30 வயது தாண்டிய பெண்களில் ஒரு பகுதிக்கு வாக்கு கிடைத்தது. உடைத்ததால் கிடைத்ததா, உடைத்ததால் தாமதமானதா, போரினால் கிடைத்ததா என்று வரலாறு எழுதுகிறவர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். நூறு வருஷம் தாண்டியும் தீராத வழக்கை நீங்களும் நானும் ஒரு கடிதத்தில் தீர்க்க முடியாது.

ஆனால் இன்னொன்றை நீங்களே பார்க்கலாம். பேச்சுவார்த்தையில் கையெழுத்து வாங்கினார்களே, அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணுங்கள். எத்தனை வரி குப்பையைப் பற்றி? எத்தனை வரி லாரியைப் பற்றி? 40 நாளும் ஊர் பேசியது குப்பையை. இப்போது பேசுவது லாரியை. ஜீப் வந்தது நிஜம். அது கண்மாயைப் பார்க்க வந்ததா, கரிந்த லாரியைப் பார்க்க வந்ததா?

டெல்லியில் விவசாயிகளுக்கும் இதுதான் நடந்தது. 2020 நவம்பர் கடைசியிலிருந்து இரண்டு மாதம் எல்லையில் கிடந்தார்கள். 2021 ஜனவரி 26 டிராக்டர் பேரணியில் ஒரு கூட்டம் வழிமாறிச் செங்கோட்டைக்குள் போனது. அன்று ராத்திரியே மூன்று வேளாண் சட்டங்களும் பேச்சிலிருந்து காணாமல் போய்விட்டன, எல்லா டி.வி.யிலும் செங்கோட்டை மட்டும்தான். மறுநாள் இரண்டு சங்கங்கள் விலகின. மற்றவர்கள் பந்தலைப் பிரிக்கவில்லை. பிப்ரவரி 1-க்கு வைத்திருந்த நாடாளுமன்றப் பேரணியைத் தள்ளி வைத்தார்கள். ஜனவரி 30 அன்று உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்புறம் வெயில், மழை, மறுபடியும் குளிர். நவம்பர் 19 அன்று சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவித்தார். பத்து மாதம் அந்த ரோட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டுக் கிடந்தவர்களால் கிடைத்தது அது என்பது என் எண்ணம்.

சரி, பெயர் கொடுக்கும் விஷயம். கொடுக்காதீர்கள். நாலு பெயரைக் கொடுத்தால் மீதி 19 பேரை விட்டுவிடுவார்கள் என்று யாரும் உங்களுக்கு எழுதித் தரவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், பந்தலுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கி வந்த பையன்கள் அவர்கள். ஊரே ஊர்ப்பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தது என்றால், நாளைக்கு அதே கரையில் இன்னொரு பந்தல் போடும்போது ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார மாட்டார்கள்.

பெயர் கொடுக்கக்கூடாது என்று சொல்வதால் மாலை போடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நாலு பேரையும் பந்தலுக்கே கூப்பிடுங்கள். பெரியவர்கள் பேச வேண்டாம், 40 நாளும் உட்கார்ந்த பெண்கள் பேசட்டும். 'எங்களைக் கேட்டீர்களா?' என்று கேளுங்கள். அது ஒன்று போதும். தீ வைத்தது நாலு பேர், வழக்கு 23 பேர் மேல், பேர் கெட்டது ஊருக்கு. உங்கள் வீட்டுக்காரரை வைத்து அவர்கள் எடுத்த முடிவை உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. வன்முறை சரியா தப்பா என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது இதுதான்.

இன்னொன்று. அந்த லாரியை ஓட்டியவர் யார் என்று விசாரித்தீர்களா? ஒப்பந்த லாரி என்றால் டிரைவர் தினக்கூலியாக இருப்பார். அவருடைய சாப்பாட்டுத் தூக்கு, மாற்றுச் சட்டை, லைசென்ஸ் எல்லாம் அந்த கேபினில்தான் இருந்திருக்கும். அவர் வீட்டுக்கு நாலு பெண்கள் போய் வாருங்கள். அந்தப் பையன்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். வழக்கைப் பொறுத்தவரை 23 பேருக்கும் ஒரே வக்கீலாக வையுங்கள். உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு எங்கே இருந்தார் என்பதற்கு பஸ் டிக்கெட், வேலை பார்த்த இடத்து வருகைப் பதிவு, எது கிடைத்தாலும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். நாள் ஆக ஆக இதெல்லாம் தொலைந்துபோகும்.

சௌரி சௌராவுக்குப் பிறகு காந்தி போராட்டத்தை நிறுத்தியது துரோகம் இல்லையா? பகத் சிங் அல்லவா நேர்மையானவர்? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

தம்பி, துரோகம் என்ற சொல்லை எடுக்கும் முன் நடந்ததைப் பார். 1922 பிப்ரவரி 4. ஊர்வலத்தின் மேல் போலீஸ் சுட்டது. கூட்டம் திரும்பிக் காவல் நிலையத்தைக் கொளுத்தியது. 22 காவலர்கள் இறந்தார்கள். 12-ம் தேதி பர்தோலியில் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார், ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். சிறைக்குள் இருந்த நேரு இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். எங்கேயோ ஒரு மூலைக் கிராமத்தில் நடந்ததற்கு நாடு முழுவதும் ஏன் நிற்க வேண்டும் என்பது அவர் கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. கொளுத்தியவர்கள் மற்றவர்களைக் கேட்கவில்லை. நிறுத்தியவரும் சிறையில் கிடந்த ஆயிரக்கணக்கான பேரைக் கேட்கவில்லை. சௌரி சௌரா வழக்கில் முதலில் 172 பேருக்குத் தூக்கு விதித்தார்கள், மேல்முறையீட்டுக்குப் பிறகு 19 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

வகுப்பில் இதை நடத்தும்போது நான் இதோடு நிறுத்தமாட்டேன். உப்புச் சத்தியாகிரகத்தையும் சேர்த்துச் சொல்வேன். 1930 ஏப்ரல் 18 அன்று சிட்டகாங் ஆயுதக் கிடங்கைப் புரட்சியாளர்கள் தாக்கினார்கள். மே மாதம் சோலாப்பூரில் காவல் நிலையங்கள் எரிந்தன. இந்த முறை இயக்கம் நிற்கவில்லை. எட்டு வருஷத்தில் காந்தி ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தார் என்றுதான் நான் படிக்கிறேன். எங்கோ யாரோ தீ வைத்தால் நிறுத்திவிடுவேன் என்று ஒரு தலைவர் சொல்லிவிட்டால், இயக்கத்தின் சாவி தீ வைக்கிறவன் கைக்குப் போய்விடுகிறது.

பகத் சிங்கைப் பற்றி. 1929 ஏப்ரல் 8 அன்று சட்டசபையில் அவரும் பதுகேஷ்வர் தத்தும் குண்டு வீசியது ஆளில்லாத பக்கத்தில். வீசிவிட்டு ஓடவில்லை, நின்று பிடிபட்டார்கள். சிறைக்குள் போனதும் கையில் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? உண்ணாவிரதம். அவர்களோடு இருந்த ஜதின் தாஸ் 63 நாள் சாப்பிடாமல் இருந்து செப்டம்பர் 13 அன்று உயிர்விட்டார். அஹிம்சைக்காரன், ஆயுதக்காரன் என்று நாம் பிரித்துப் போடுகிற கோடு அவர்கள் வாழ்க்கையில் அத்தனை நேராக ஓடவில்லை.

எனக்குப் பிடித்தது காந்தியும் அவர்களும் சண்டை போட்ட விதம். 1929 டிசம்பரில் பகத் சிங்கின் தோழர்கள் வைஸ்ராய் இர்வினின் ரயிலுக்குக் குண்டு வைத்தார்கள். அதைக் கண்டித்துக் காந்தி தன் பத்திரிகையில் எழுதினார். அடுத்த ஜனவரி மாதத்துக்குள் புரட்சியாளர்கள் வரிக்கு வரி பதில் எழுதி அச்சடித்து விநியோகித்தார்கள். அந்தப் பதிலை எழுதிய பகவதி சரண் வோரா நாலே மாதத்தில், மே கடைசியில், ராவி ஆற்றங்கரையில் குண்டைச் சோதித்துப் பார்க்கும்போது அது வெடித்து இறந்தார். வெள்ளைக்காரன் படித்துவிடுவானே என்று இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொள்ளவில்லை. நாடே படிக்க வாதாடினார்கள்.

நீ சைக்கிளை எடுத்தால் சிராவயலுக்குப் போய்விடலாம். மஞ்சுவிரட்டு ஊர் என்று மட்டும்தான் இப்போது பேச்சு. அங்கே இளைஞர் ஜீவானந்தம் காந்தி ஆசிரமம் நடத்தினார். 1927-ல் செட்டிநாட்டுக்கு வந்த காந்தி அங்கே போய் அவரைப் பார்த்தார். உனக்குச் சொத்து எவ்வளவு என்று காந்தி கேட்க, இந்தியாதான் என் சொத்து என்று ஜீவா சொல்ல, இல்லை, நீதான் இந்தியாவின் சொத்து என்று காந்தி சொன்ன கதை உன் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். ராட்டை சுற்றிய அதே கைதான் சில வருஷம் கழித்துப் பகத் சிங் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்தது. ஜீவா ஒருவரை விட்டு இன்னொருவரிடம் தாவினார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பேரிடமும் அவருக்குக் கேள்வி இருந்தது.

1942-ல் தேவகோட்டை கோர்ட்டைக் கொளுத்திய ஊர்க்காரர் நீங்கள். 1965-ல் தீப்பிடித்திருக்காவிட்டால் இன்றைக்குத் தமிழ் எந்த நிலையில் இருக்கும்? உங்களைப் போன்ற ஆசிரியர்கள் ஏன் எப்போதும் பணிந்து போகவே சொல்லிக்கொடுக்கிறீர்கள்? (82 வயது வாசகர், கோட்டையூர்)

அண்ணன், பணிந்து போகச் சொல்லி ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. அது ஒன்றைத் தவிர உங்கள் கேள்வி முழுவதும் நியாயமானது.

எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, 1942-ல் 19 வயது. காந்தியும் மற்றவர்களும் கைதானதும் இங்கே ஊரே தெருவுக்கு வந்தது. திருவாடானைச் சிறையை உடைத்துச் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையைக் கூட்டம் வெளியே கொண்டுவந்ததும், தேவகோட்டை நீதிமன்றம் எரிந்ததும் அந்த ஆகஸ்டில்தான். போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அப்பச்சி கோர்ட் வாசல் கூட்டத்தில் இருந்தார். தீ கூரையைப் பிடித்தபோது நாட்டு ஓடுகள் பட்பட்டென்று வெடித்த சத்தத்தை அவர் வாயாலேயே செய்து காட்டுவார். நாங்கள் பிள்ளைகள் கைதட்டுவோம்.

அவருக்கு எழுபது வயது தாண்டிய பிறகுதான் மீதியைச் சொன்னார். என் அப்பத்தாவுக்கு ஒரு தங்கை. 22 வயதில் கணவனை இழந்து, புகுந்த வீட்டார் ஒன்றும் தராமல் அனுப்பிவிட, ஜீவனாம்சம் கேட்டு அதே கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். மூன்று வருஷ வழக்கு. கட்டு முழுவதும் அன்றைக்கு எரிந்தது. மறுபடி நகல் தேடி, சாட்சி தேடி, முதலிலிருந்து தொடங்கினார்கள். தீர்ப்பு வரும் முன் அவர் போய்விட்டார். கடைசிவரை எங்கள் இரண்டாம் கட்டில் ஓர் அறையில், சின்ன மண் அடுப்பில் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். அப்பச்சி நெருப்பு வைக்கவில்லை, கைதான் தட்டினார். 'சின்ன அப்பத்தா தட்டில் சோறு போடும்போதெல்லாம் எனக்கு அந்த ஓடு வெடிக்கிற சத்தம் கேட்கும்' என்றார்.

அந்த வெள்ளைக்கார ஆட்சி நியாயமானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது எரிந்திருக்க வேண்டிய ஆட்சிதான். எரிந்தபோது உள்ளே யாருடைய தாள் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த வருஷமே 'வெள்ளையனே வெளியேறு' வேண்டாம் என்று ராஜாஜி சொன்னார், காங்கிரஸை விட்டும் விலகினார். அவர் சொன்னது சரியில்லை என்பது என் கருத்து. ஆனாலும் ஓர் இயக்கத்துக்குள்ளிருந்து ஒருவர் எழுந்து 'இது வேண்டாம்' என்று சொல்வதற்கு இடம் இருந்ததே, அதை மதிக்கிறேன்.

1965 இந்தி எதிர்ப்புக்கு வருகிறேன். ஜனவரி 26-ஐத் துக்க நாள் என்று அறிவித்தது தி.மு.க. தெருவுக்கு வந்து நின்றது மாணவர்கள். 27-ம் தேதி சிதம்பரத்தில் ராஜேந்திரன் சுடப்பட்டு இறந்தார். நிறுத்துங்கள் என்று அண்ணா கேட்டும் மாணவர்கள் நிறுத்தவில்லை. பிப்ரவரி 11 அன்று சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியை விட்டு விலகினார்கள், அன்றே சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி கொடுத்தார். இதில் தீக்குப் பங்கே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். அதே பிப்ரவரியில் திருப்பூரில் போலீஸ்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டம் உயிரோடு எரித்தது. ராஜேந்திரனுக்குச் சிதம்பரத்தில் சிலை இருக்கிறது, இருக்க வேண்டும். அந்த இரண்டு பேர் பெயர் உங்களுக்குத் தெரியுமா அண்ணன்? முப்பத்துமூன்று வருஷம் வரலாறு நடத்திய எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டிலும் தமிழில்தான் அழுதிருப்பார்கள்.

இங்கே ஒரு கருத்தரங்கில் அஹிம்சைப் போராட்டங்களே அதிகம் வெல்கின்றன என்று புள்ளிவிவரம் காட்டினார்கள். இன்னொருவர், 'அவரவர் வழி அவரவருக்கு, ஒருவரை ஒருவர் குறை சொல்லக்கூடாது' என்ற அமெரிக்க ஒப்பந்தம் ஒன்றைச் சொன்னார். உங்கள் கருத்து? (சிங்கப்பூர், சொந்த ஊர் பள்ளத்தூர்)

புள்ளிவிவரம் எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற ஆய்வாளர்கள் இருவருடையதாக இருக்கும். 1900 முதல் 2006 வரை உலகெங்கும் நடந்த 323 போராட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆயுதம் இல்லாதவற்றில் 53 சதவீதமும் ஆயுதம் ஏந்தியவற்றில் 26 சதவீதமும் வென்றன என்று 2011-ல் எழுதினார்கள். கிழவியும் குழந்தையும் வந்து உட்காரக்கூடிய இடத்துக்குக் கூட்டம் சேரும், துப்பாக்கி பிடிக்கிற இடத்துக்குச் சேராது என்பது அவர்கள் சொல்லும் முக்கியமான காரணம். நம் கண்மாய்க் கரைப் பந்தலைப் பார்த்தாலே தெரிகிற உண்மை அது. ஆனால் அவர்கள் எண்ணியது ஆட்சியையே மாற்றக் கிளம்பிய பெரிய இயக்கங்களை. மொத்தத்தில் ஆயுதம் இல்லாதது என்ற கணக்கில் வருகிற இயக்கத்திலும் ஏதோ ஒரு தெருவில் கல் பறந்திருக்கும். ஆகவே அந்த எண்ணை வைத்து ஒரு ஊரில் விழுந்த ஒரு கல்லை நிறுக்காதீர்கள்.

அந்த ஒப்பந்தம் 2008-ல் செயின்ட் பால் நகரில், குடியரசுக் கட்சி மாநாட்டை எதிர்த்தவர்கள் செய்துகொண்டது. முதல் பாதி எனக்கு மிகவும் பிடிக்கும். கண்ணாடி உடைக்கிறவர்கள் ஒரு நேரம், ஓர் இடம்; குழந்தையோடு வருகிறவர்கள் வேறு நேரம், வேறு இடம். 1999-ல் சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்புக்கு எதிராக ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்கும் கறுப்பு முகமூடி போட்டுக் கடைக் கண்ணாடியை உடைத்தவர்களுக்கும் நடந்த தகராறைப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதும் சரி. ஆனால் வெளியில் குறை சொல்லவே கூடாது என்ற பகுதியை நான் ஏற்கவில்லை. உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டு வெளியில் வாயை மூடினால், அடுத்த முறை குழந்தையோடு வரவேண்டியவள் எதை நம்பி வருவாள்?

பிரிந்து நிற்பதையும் மரியாதையாகச் செய்ய முடியும். தென்னாப்பிரிக்காவில் 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் 69 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு மண்டேலாவும் தோழர்களும் தனிப்படை அமைத்தார்கள். அவர்களுடைய கட்சித் தலைவர் ஆல்பர்ட் லுதுலி அஹிம்சைக்காரர். 1961 டிசம்பர் 10 அன்று அவர் ஆஸ்லோவில் அமைதிக்கான நோபல் பரிசை வாங்கினார். 16-ம் தேதி தென்னாப்பிரிக்காவில் முதல் குண்டுகள் வெடித்தன. ஆறே நாள். உயிர்ச் சேதம் இல்லாமல் மின்கம்பமும் அரசுக் கட்டடமும்தான் இலக்கு என்று முடிவு செய்திருந்தார்கள். கட்சி வேறு, படை வேறு என்று வைத்தார்கள். மண்டேலா லுதுலியைக் கோழை என்று சொன்னதில்லை.

தூத்துக்குடியில் 99 நாள் அமைதியாகத்தானே உட்கார்ந்தார்கள்? 100-வது நாள் சுட்டார்களே? (பெயர் இல்லை)

சுட்டார்கள். 2018 மே 22, 23. 13 உயிர். மே 28 அன்று ஸ்டெர்லைட் ஆலையை மூட அரசு ஆணையிட்டது, 2024-ல் உச்ச நீதிமன்றமும் ஆலையைத் திறக்கக் கேட்ட மனுவைத் தள்ளியது. ஆலை மூடியதைச் சொல்லி அந்த வீடுகளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் ஒரு வரிக் கடிதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அமைதியாக இருந்தால் சுடமாட்டார்கள் என்று யாருக்கும் நான் சொன்னதில்லை, இனிமேலும் சொல்லமாட்டேன்.

ஆச்சி, நீங்கள் போராட்டத்தில் கலந்துகொண்டது உண்டா? அங்கே யாராவது கல் எறிந்தார்களா? (பிளஸ் டூ மாணவி, கானாடுகாத்தான்)

உண்டு அம்மா. எண்பதுகளில் ஆசிரியர் சங்க மறியல். ஊர் வேண்டாம். பஸ் ஸ்டாண்ட் முன்னால் இருநூறு பேர் உட்கார்ந்தோம். எப்போதும் நடப்பதுதான். கோஷம் போடுவோம், போலீஸ் வேனில் ஏற்றுவார்கள், ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் அடைப்பார்கள், மத்தியானம் தக்காளிச் சாதப் பொட்டலம் வரும், சாயங்காலம் விட்டுவிடுவார்கள். நான் விடைத்தாள் கட்டைக்கூடத் திருத்துவதற்காகப் பையில் எடுத்துப் போயிருந்தேன்.

பதினொன்றரை மணிக்கு ஒரு பஸ் எங்களை ஒட்டி வந்தது. என் இடது பக்கத்திலிருந்து ஒரு கல் போனது. நான் கையைப் பார்த்தேன். விரல் நகத்தில் நீல வர்ணம். எங்கள் டிராயிங் மாஸ்டர். அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர். எட்டு மாதமாக அவருக்குச் சம்பளம் வரவில்லை, வீட்டில் மூன்று பெண் குழந்தைகள். முன் கண்ணாடி உடைந்தது, கண்டக்டருக்குப் புருவத்துக்கு மேல் கிழிந்து ஏழு தையல். பிறகு தடியடி. 11 பேர் மேல் வழக்கு, அதில் டிராயிங் மாஸ்டர் பெயர் இல்லை. கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த ஒரு டீச்சர் பெயர் இருந்தது. 14 மாதம் தற்காலிக நீக்கம்.

அன்று ராத்திரி சங்கத்தில் கூடினோம். எறிந்தது யார் என்று குறைந்தது ஐந்து பேருக்குத் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. டிராயிங் மாஸ்டரும் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். 'சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள் என்று நோட்டீஸ் போட்டுவிடுவோம்' என்றார்கள். எழுதுவதற்கு என்னைச் சொன்னார்கள், என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஊடுருவுகிறவர்கள் உண்டு, இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் மார்க் கென்னடி என்ற போலீஸ்காரர் ஏழு வருஷம் சுற்றுச்சூழல்காரர்களோடு அவர்களில் ஒருவராகவே வாழ்ந்தது பின்னால் வெளிவந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு யாரும் ஊடுருவவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தே எழுதினேன். 'எங்கள் அறவழிப் போராட்டத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத சமூக விரோதி ஒருவன்' என்று எழுதினேன். 'ஒருவன்' என்று.

அவர் எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சங்கத்துக்கு வரவே இல்லை. நாலு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். 'ஏன் எறிந்தீர்கள், எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா' என்று நாங்கள் அவரைக் கேட்டிருக்க வேண்டும். அந்த டீச்சர் முன்னால் வைத்துக் கேட்டிருக்க வேண்டும். அவரும் பதில் சொல்லியிருப்பார். எட்டு மாதச் சம்பளத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார், நாங்களும் கேட்டிருப்போம். நான் 'சமூக விரோதி' என்று ஒரு சொல்லை எழுதி எல்லாவற்றையும் மூடினேன்.

அவர் இறந்து பதினாறு வருஷம் ஆகிறது. நோட்டீஸின் கார்பன் நகல் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இந்தப் பதிலை எழுத உட்காரும் முன் எடுத்துப் பார்த்தேன். நீல மை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. எழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.